மண்டபத்தில் நான் திறந்த ஜன்னல்

அறுபதுகளின் நடுவில் சிதம்பரத்தில் கல்லூரியில் படித்தபோது நானும் என் நண்பன் ஒருவனும் ஒரே விடுதி அறை. நான் கடலூர், அவன் பரங்கிப்பேட்டை. இருவருக்கும் மாதிரி விமானப் பைத்தியம். பால்சா மரத்தைச் சவர பிளேடால் குச்சி குச்சியாகச் சீவி, மெல்லிய தாளை ஒட்டி, தபால் கார்டைவிட இலேசாக ஒரு விமானம் செய்வோம். அடியில் ஒரு ரப்பர் இழை. அதைச் சில நூறு சுற்று முறுக்கி விட்டால், முறுக்கு அவிழ அவிழ மூக்கிலிருக்கும் விசிறி சுழலும். மூச்சுக்காற்று பட்டாலே திசை மாறிவிடும் என்பதால் போட்டியை மூடிய மண்டபத்துக்குள்தான் வைப்பார்கள். அதிக நேரம் பறக்கவிடுபவர் சென்னைப் போட்டிக்குப் போகலாம். ஒருவருக்குத்தான் இடம்.

போட்டியன்று மின்விசிறிகளை நிறுத்தி, ஜன்னல்களையெல்லாம் சாத்தியிருந்தார்கள். என் விமானம் நான்கு நிமிடம் பறந்து இறங்கியது. பிறகு அவன் விட்டான். அவனுடையது அவசரமே இல்லாமல் வட்டம் போட்டு ஏறியது. மூன்று நிமிடம் தாண்டியும் இறங்காமல் உத்தரத்தை ஒட்டியே மிதந்துகொண்டிருந்தது. தோற்றுவிட்டேன் என்று தெரிந்துபோயிற்று. எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் முதுகுக்குப் பின்னால் ஜன்னல். புழுக்கம் தாங்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கொக்கியை எடுத்தேன்.

மாலைக் காற்று சட்டென்று உள்ளே வந்தது. விமானம் சாய்ந்து, தூணில் மோதி, இறக்கை கிழிந்து விழுந்தது. நடுவர் இன்னொரு தடவை விடலாம் என்றார். ஒட்டிக் காயவைக்க நேரமில்லை.

"யார்ரா ஜன்னலத் தொறந்தது?" என்று யாரோ கத்தினார்கள். நானும் மற்றவர்களைப் போலவே திரும்பி ஜன்னலைப் பார்த்தேன்.

அவன் குனிந்து துண்டுகளைப் பொறுக்கினான். "கொக்கி சரியா மாட்டல போல. வுடு மச்சான், நீ போனா என்ன, நான் போனா என்ன?" என்றான்.

சென்னையில் முதல் சுற்றிலேயே தோற்றேன். அந்த வருடமே அவன் படிப்பை விட்டுவிட்டு, சிங்கப்பூரில் இருந்த அவன் அப்பாவின் கடைக்குக் கப்பலேறினான். அங்கிருந்து கடிதம் எழுதுவான். ஒவ்வொரு பதிலிலும் உண்மையைச் சொல்லிவிட நினைத்து, வேறு எதையோ எழுதி ஒட்டினேன். இரண்டாம் வருடம் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. ஒரே வாரத்தில் போய்விட்டான்.

செய்தி கேட்டுப் பரங்கிப்பேட்டைக்குப் போனேன். அவன் அம்மா கதவோரம் நின்று பேசினார்.

"எப்பவும் ஒன்னப் பத்தித்தான் தம்பி பேச்சு. என் கூட்டாளி மெட்ராஸ் வரைக்கும் போயி விமானம் வுட்டான் உம்மான்னு பெருமையா சொல்லுவான். அவனுக்கு ஒம்மேல பிரியம் ஜாஸ்தி."

சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் அழத் தொடங்கிவிட்டார். சற்றுப் பொறுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அடிக்கடி வந்துட்டுப் போ தம்பி" என்றார்.

வருகிறேன் என்றேன். பிறகு ஒருமுறைகூட நான் அந்த ஊருக்குப் போகவில்லை.