கணக்கு வராத பெண்

எனக்கு இரட்டைப் பிள்ளைகள். ஒரு பெண், ஒரு பையன். ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு. பத்தாம் வகுப்பு முடிவு வந்தபோது கணக்கில் பெண்தான் வகுப்பிலேயே முதல். பையன் தட்டுத் தடுமாறித் தேறியிருந்தான்.

“ஈசியா கேட்டுட்டாங்கப்பா. அதான் வந்திச்சி” என்றாள் மகள்.

“கொஸ்டினே தப்பு. இல்லன்னா நான் செண்டம்” என்றான் மகன்.

இரண்டு பேர் முகத்திலும் பொய் இல்லை. அதுதான் விசேஷம்.

பதினொன்றாம் வகுப்பில் கணக்குப் பிரிவுதான் எடுப்பேன் என்றான் மகன். இஞ்சினியர் ஆவது என்று அவன் முடிவே செய்துவிட்டான். மகளுக்கும் அந்த ஆசை உண்டு. வெள்ளிமலைக்கு ஏறும் பஸ் ஒவ்வொரு வளைவில் திரும்பும்போதும், “இந்த ரோட்ட எப்பிடிப்பா போட்டாங்க?” என்று கேட்டுக்கொண்டே வருவாள். ஆனாலும், “எனக்குக் கணக்கு வராதுப்பா” என்று வரலாறு எடுக்கக் கிளம்பிவிட்டாள்.

“ரெண்டும் ஒரே வயித்துலதான இருந்துச்சிங்க? இருந்த தெகிரியத்த பூரா இவனே துன்னுட்டு வந்துட்டான்” என்றாள் என் மனைவி.

எங்களுடையது பங்குக் கிணறு. மூன்று வீட்டுக்கு ஒரே மோட்டார். மும்முனை மின்சாரம் ஒரு வாரம் பகலில் வரும், ஒரு வாரம் இரவில் வரும். நடுவில் நின்றுபோனால், போன நேரத்தை அந்த வீட்டுக்கு அடுத்த சுற்றில் ஈடுகட்ட வேண்டும். இந்தத் தண்ணீர் முறை மொத்தமும் என் மகள் மனதில் இருக்கிறது. பெரியவர்களே போன் போட்டு அவளைத்தான் கேட்பார்கள்.

சேர்க்கைக்கு முந்தின வாரம் மகன், “இன்னிக்கு நம்ம மொறை” என்று மோட்டாரைப் போட்டுவிட்டான். கரும்புக்குத் தண்ணீர் பாதி பாய்வதற்குள் என் அண்ணன் வரப்பில் வந்து நின்றார்.

“டேய், யாரு மொறைல யாருடா தண்ணி வுடறது?”

“எங்க மொறைதான் பெரிப்பா. எனக்கு நல்லாத் தெரியும்.”

“ஒனக்கு இன்னாடா தெரியும்? அந்தப் பொண்ணக் கூப்புடு!”

மகள் வந்தாள். மின்சாரம் நின்ற நேரங்களை விரல்கூட மடக்காமல் கூட்டிக் கழித்து, “மத்தியானம் வரைக்கும் ஒங்களுது பெரிப்பா. அப்பறந்தான் எங்களுது” என்றாள். அண்ணன் மடையைத் திருப்பிக்கொண்டார்.

“பாவம், பெரிப்பாவுக்கு வுட்டுக் குடுத்தேன்” என்றான் மகன்.

நான் மகளிடம் மெதுவாகக் கேட்டேன். “இது கணக்கு இல்லாம இன்னாம்மா?”

“இதுவா? இது தண்ணி மொறைப்பா” என்று சிரித்தாள்.

சேர்க்கை அன்று தலைமையாசிரியை முன்னால் நின்றோம். நான் ஐந்தாவதோடு நின்றவன். மேசைக்கு அந்தப் பக்கம் யார் உட்கார்ந்திருந்தாலும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

“கணக்கு வராதுங்க மிஸ். வரலாறு குடுங்க” என்றாள் மகள்.

அவர் பேனாவைத் திறந்தார். எழுதிவிட்டால் அவ்வளவுதான்.

“எங்க கெணத்துக்கு மொறை சொல்றதே இந்தப் பொண்ணுதாங்க” என்றேன்.

அவர் நிமிர்ந்தார். “பங்குக் கெணறா? சண்டை வராதா?”

“இது சொன்னா வராதுங்க.”

அவளுடைய கணக்கு மதிப்பெண்ணை ஒருமுறை பார்த்துவிட்டு, கணக்குப் பிரிவு என்று எழுதினார். மகனுடைய மதிப்பெண்ணுக்கு வரலாறுதான் கிடைத்தது.

திரும்பும் பஸ்ஸில் மகள் அழுதுகொண்டே வந்தாள். “ஃபெயிலாயிட்டா இன்னாப்பா பண்றது?”

மகன் அவள் தோளில் தட்டினான். “அழுவாத. எது புரியலன்னாலும் என்னாண்ட கேளு. நான் சொல்லித் தரேன்.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “மெய்யாவா?” என்றாள்.