எட்டாம் எண் வீட்டு வெங்காய வாசம்

செராஃபிம் பெத்தன்கூர் தன் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் சட்டத்தை மீறினார். அதுவும் வெங்காயம் வதக்கி.

பதினேழு வயதில் போர்ச்சுகலின் அசோர் தீவிலிருந்து கலிஃபோர்னியா வந்து, பால்பண்ணையில் சாணி அள்ளி, பிறகு தச்சு வேலை பழகி, ஐம்பத்தெட்டாவது வயதில் வளைகுடாவின் கிழக்குக் கரையில் சொந்தமாக ஒரு கட்டடம் எழுப்பினார். மூன்று மாடி, எட்டு வீடு. ஒவ்வொரு வீட்டையும் ஒரு குடும்பத்துக்கு விற்பதாகப் பேச்சு.

அந்த ஊரில் வாடகை வீடு கிடைப்பது குதிரைக் கொம்பு. அதனால் வாடகைக் கட்டடத்தைப் பிரித்துத் தனித்தனி வீடாக விற்கக் கூடாது என்று நகரசபை கட்டுப்பாடு போட்டிருந்தது. விற்றே ஆக வேண்டுமென்றால் ஊர் முழுக்கச் சேர்த்து வருடத்துக்கு ஒரு கட்டடம்தான், அதுவும் குலுக்கலில். புதுக் கட்டடத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. தனி வீடுகள் என்று வரைபடம் பதிவாகும்வரை அதில் யாரும் குடியிருந்திருக்கக் கூடாது. ஒரு நாள் முந்தினாலும் அது வாடகைக் கட்டடமாகிவிடும். ஆகவே கட்டுகிறவர்கள் பதிவு முடியும்வரை ஜன்னலுக்குத் திரைகூடப் போடமாட்டார்கள்.

செராஃபிமுக்கு வந்த தொல்லை வேறு. சுவரைப் பிளந்து செப்புக் குழாயை உருவிப் போகும் கும்பல் ஒன்று ஊருக்குள் சுற்றியது. அவர் மடக்குக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

"குழாய்க்குக் காவலா, இல்ல எங்கிட்டேருந்து தப்பிக்கவா?" என்றாள் மனைவி இதலினா.

"ரெண்டுக்கும்தான்."

"போங்க. அங்க அடுப்ப மட்டும் பத்த வச்சுராதீங்க. உங்க சமையல் வாசம் கடலத் தாண்டும்."

மேல்மாடி எட்டாம் எண் வீட்டில் நாற்பது நாள் ஆறிப்போன ரொட்டியைத் தின்றார். பதிவுக்கு ஆறே நாள் பாக்கி இருக்கையில், மூடுபனி எலும்பைக் குடைந்த ஒரு காலையில், வெங்காயத்தை நறுக்கிப் பூண்டுத் தொத்திறைச்சியோடு வாணலியில் போட்டார். அந்த வாசம் மூன்று தெரு இறங்கியது. பூசை வைத்துக்கொண்டிருந்த பாதிரியாருக்கு வாக்கியம் மறந்து போனது என்று இன்றைக்கும் சொல்வார்கள். பேருந்துக்கு நின்ற ஒரு பெண்மணி மோப்பம் பிடித்தபடி படியேறி வந்தாள். நகரசபை வரைபடப் பிரிவின் வெர்னா டட்டில்.

"இங்க யாரு குடியிருக்கா?"

"யாரும் இல்லம்மா."

"அப்ப யாரு சமைக்கிறது?"

"காவக்காரன்."

"காவக்காரன் எங்க படுக்கிறான்?"

செராஃபிம் கட்டிலைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். ஜன்னலில் காய்ந்த துண்டையும் பார்த்துக் குறித்துக்கொண்டாள். "வாசம் நல்லாருக்கு. அதான் சங்கடமா இருக்கு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

கட்டடம் வாடகைக் கட்டடமாயிற்று. வாங்க வந்த குடும்பங்கள் கலைந்தன. குலுக்கலில் செராஃபிமின் எண் வரவே இல்லை. மூன்றாம் வருடம் கடனுக்காக வங்கி கட்டடத்தை எடுத்துக்கொண்டது, ஐந்தாம் வருடம் கடவுள் இதலினாவை எடுத்துக்கொண்டார். செராஃபிம் எட்டாம் எண் வீட்டில், தான் கட்டிய கட்டடத்திலேயே, வாடகைக்காரராகத் தங்கிவிட்டார்.

அவருக்கு எழுபத்து மூன்று ஆனபோது கட்டடத்தை டெரிக் ஹோல்ம் என்ற இளைஞன் வாங்கினான். வாங்கிய வருடமே அவன் எண் குலுக்கலில் விழுந்தது. ஆனால் அறுபத்திரண்டு வயதைத் தாண்டிய வாடகைக்காரர் இருந்தால், அவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். மாதக் கடைசித் திங்களுக்குள் போடாவிட்டால் வாய்ப்பு அடுத்த எண்ணுக்குப் போய்விடும்.

மற்ற ஏழு வீட்டுக்காரர்களும் ஒருவர் பின் ஒருவராகக் காலி செய்தார்கள். ஜன்னல்கள் மறுபடி திரையில்லாமல் விழித்தன. ஹோல்ம் வாரா வாரம் இனிப்பு ரொட்டியோடு வந்தான்.

"உடம்பு எப்படி இருக்கு சார்? கால் வலியெல்லாம்?" என்று கேட்கும்போது அவன் கண் முதலில் அவர் கால்களுக்குத்தான் போகும்.

"கால் ரெண்டும் இருக்கு தம்பி."

ஒரு செவ்வாய்க்கிழமை காலை படியிறங்கினார். மாடிப்படிக் கைப்பிடி, ஆடும் பல்லைப் போலக் கைக்குள் அசைந்தது. அவர் கையால் பொருத்திய கைப்பிடி அது. சுவரில் அதைப் பிடித்திருக்கும் தாங்கி ஒவ்வொன்றுக்கும் மூன்று திருகாணி. மேல்தாங்கியில் இரண்டைக் காணோம், மூன்றாவது பாதி வெளியே நின்றது. விரலால் துளையைத் தடவினார். மரம் பிய்ந்திருக்கவில்லை. ஆணி தானாகக் கழன்றதல்ல, கழற்றப்பட்டது.

புது ஆணி போட்டார். அடுத்த செவ்வாய் அதையும் காணோம். படிக்கட்டு விளக்கையும் யாரோ கழற்றியிருந்தார்கள்.

பழைய கூட்டாளி, மின்வேலைக்காரர் லாரோவிடம் சொன்னார்.

"பேசாம கையெழுத்துப் போட்டுட்டு எங்க வீட்டுக்கு வந்துருடா. பின்பக்க அறை சும்மாதான் கிடக்கு."

"உன் பொண்டாட்டி சூப்பக் குடிச்சுச் சாகுறதுக்கா?"

"சிரிக்காத. நீ விழுந்தா என்ன எழுதுவாங்க தெரியுமா? கெழவன், கால் இடறிருச்சு. அவ்வளவுதான். யாரும் வந்து ஆணிய எண்ணமாட்டாங்க."

அன்றிரவு செராஃபிம் தூங்கவில்லை. போய்விடலாம் என்றும் தோன்றியது. ஆனால் இதை ஆணியின் வேலை என்று விட்டுவிட்டுப் போவதா, இன்ன ஆளின் வேலை என்று தெரிந்துகொண்டு போவதா?

கெடுவுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை நாலங்குல ஆணியாக எடுத்து, ஒவ்வொரு தாங்கியையும் சுவரின் உள்மரம்வரை இறுக்கினார். யானை தொங்கினாலும் அசையாது. மதியம் ஹோல்ம் காகிதத்தோடு வந்தான். செராஃபிம் அதைப் படித்தார், மடித்துக் கொடுத்தார்.

"கீழ வரைக்கும் நானும் வர்றேன். நீ முன்னால போ தம்பி. படி செங்குத்து, கைப்பிடியப் பிடிச்சுக்க."

ஹோல்ம் படியோரம் நின்றான். கைப்பிடியை ஒரு தடவை பார்த்தான். பிறகு கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு, எதிர்ச்சுவரில் தோள் உரச, பனிக்கட்டி மேல் நடப்பவனைப் போல ஒவ்வொரு படியாக இறங்கினான்.

செராஃபிம் கைப்பிடியில் முழு பாரத்தையும் போட்டுக்கொண்டு பின்னால் இறங்கினார். கீழே ஹோல்ம் திரும்பி, அந்தக் கிழட்டுக் கையையும் அசையாத மரத்தையும் பார்த்தான். முகத்தில் ரத்தம் இல்லை.

"கையெழுத்து?" என்றான்.

"போடமாட்டேன் தம்பி. திங்கக்கிழமையும் போடமாட்டேன், செவ்வாக்கிழமையும் போடமாட்டேன்."

மேலே ஏறி வந்து தாழிட்டார். ஜன்னலைத் திறந்துவைத்து, மூன்று தெருவுக்கும் மணக்கட்டும் என்பதுபோல் வாணலியை ஏற்றி வெங்காயத்தைப் போட்டார். ஹோல்ம் வெளியேறிக் கீழே வாசல் கதவு சாத்தும் சத்தத்துக்குக் காதைக் கொடுத்தபடி கிளறினார்.

வெங்காயம் சிவந்து, கருகவும் தொடங்கியது. கதவு சாத்தும் சத்தம் கேட்கவில்லை.