ஈரல் இல்லாத பத்துக் கூறு

எங்கள் ஊரில் மனுச ஆஸ்பத்திரியும் மாட்டாஸ்பத்திரியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. நடுவில் ஓர் ஆள் உயர மதில். அந்த மதிலுக்கு நான் செங்கல் சுமந்திருக்கிறேன். அப்போது இருபது வயசு இருக்கும். கொத்தனாருக்கு மதியத்துக்கு மேல் கண் செருகிவிடும், அதனால் வேப்பமரத்துப் பக்கம் மதில் கொஞ்சம் வயிறு தள்ளி நிற்கும். இன்றைக்கும் அப்படித்தான் நிற்கிறது. இங்கிட்டு இருக்கிற டாக்டரும் அங்கிட்டு இருக்கிற டாக்டரும் ஒருவரோடு ஒருவர் பேசி நான் பார்த்ததே கிடையாது. நாங்கள்தான் ரோட்டைச் சுற்றிக்கொண்டு, காலையில் ஆட்டோடு ஒரு வாசலுக்கும் சாயங்காலம் பிள்ளையோடு இன்னொரு வாசலுக்கும் போய்வருவோம்.

கையில் வந்த புண்ணைப் பற்றிச் சொல்லவந்தேன். அதற்கு முன்னால் ஆட்டைச் சொல்ல வேண்டும்.

செம்மறி முப்பது உருப்படி வைத்திருந்தேன். அதில் நெற்றியில் வெள்ளை விழுந்த பெட்டை ஒன்று. குட்டியாக இருந்தபோது அதன் தாய் பால் கொடுக்காமல் உதைத்துத் தள்ளியது, நான்தான் புட்டியில் ஊட்டி வளர்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகிற நேரம் அது பட்டி ஓரத்தில் தள்ளாடிக்கொண்டு நின்றது. முதல்நாள் மழை விட்டதும் கண்மாய்க்கரையில் நன்றாக மேய்ந்த ஆடு. வயிறு உப்பியிருந்தது. மூச்சு இழுத்தது.

எங்கள் பக்கம் ஒரு கணக்கு உண்டு. மூச்சு இருக்கும்போதே கத்தி வைத்துவிட்டால் அது அறுத்த ஆடு. நின்ற பிறகு வைத்தால் செத்த ஆடு. அறுத்த ஆட்டை நாலு வீடு வாங்கும். செத்ததை நாய்தான் இழுக்கும். இரண்டுக்கும் நடுவில் பத்து மூச்சுகூட இருக்காது. நான் ஓடிப்போய்க் கத்தியை எடுத்துவந்தேன்.

ரத்தம் கறுப்பாக வந்தது. தரையில் கிடந்தும் உறையவே இல்லை. பார்த்தேன். பார்த்துவிட்டுக் காலால் மண்ணைத் தள்ளி மூடினேன்.

தார்ப்பாய் விரித்துப் பத்துக் கூறு வைத்தேன். பக்கத்து வீட்டுப் பெண், எனக்கு மருமகள் முறை, சட்டியோடு வந்து குனிந்து பார்த்தாள்.

“என்ன மாமா, ஒரு கூறுலயும் ஈரலக் காணோம்? ஈரலே இல்லாமத்தான் ஆட்ட வளத்தீங்களா?”

“பித்தப்பை ஒடைஞ்சு கசந்துபோச்சுத்தா. தூக்கிப் போட்டுட்டேன்.”

“அறுக்கத் தெரியாதவரு மாதிரிப் பேசாதீக. யாருக்கோ ஒளிச்சு வச்சிருக்கீக.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சொன்னது நிசம். என் கடைசி மகளை மணமேல்குடியில் கட்டிக் கொடுத்திருக்கிறேன். அப்போது ஏழு மாசம். இரண்டு நாள் முன்னால்தான், “அப்பா, மெளகு போட்ட ஈரல் திங்கணும்போல இருக்கு” என்று போனில் சொல்லியிருந்தாள். அவள் அம்மா இருந்திருந்தால் ஓடியிருப்பாள். இப்போது நான்தான் ஓட வேண்டும். ஈரலை முழுசாகத் தூக்குவாளியில் போட்டு, அறந்தாங்கியில் பஸ் மாறி, மதியத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தேன். மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப வேண்டாம் என்று வாளியைச் சம்மந்தியம்மா கையில் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். சாயங்காலம் அந்த அம்மாவே போன் பண்ணினார்.

“ஈரல் பஞ்சு மாதிரி வெந்துச்சு சம்மந்தி. ஒங்க மக சட்டியோட தின்னுட்டா.”

அன்றைக்குத் திருப்தியாகத் தூங்கினேன்.

செவ்வாய்க்கிழமை மணிக்கட்டில் கொசு கடித்த மாதிரி அரிப்பு. புதன்கிழமை கொப்புளம். வியாழக்கிழமை மனுச ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் சின்னப் பையன், நல்ல மாதிரி. வரிசை வாசல்வரைக்கும் நின்றது. “பூச்சி கடிச்சிருக்குய்யா” என்று சொல்லி ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை காலையில் புண் நடுவில் கரிக்கட்டை மாதிரி கறுத்திருந்தது. முழங்கைவரைக்கும் வீக்கம். பட்டியில் இன்னோர் ஆடு மூக்கில் ரத்தத்தோடு செத்துக் கிடந்தது.

என் கையை நான் பெரிதாக நினைக்கவில்லை. ஆட்டுக்குத்தான் மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே இருக்கிற டாக்டரம்மா நான் வாயைத் திறக்கும் முன்னால் கையைப் பார்த்துவிட்டார்.

“ஆட்டக் கதைய அப்பறம் சொல்லுங்க. இது எப்ப வந்துச்சு?”

“பூச்சிக்கடிம்மா. அங்கிட்டு டாக்டரு சொன்னாரு.”

“வலிக்குதா?”

“இல்ல. அதான் அதிசயமா இருக்கு.”

அவர் முகம் மாறியது. “ஆடு ஏதும் அறுத்தீங்களா?”

நான் வேப்பமரத்தைப் பார்த்தேன். அவர் அதற்குமேல் என்னைக் கேட்கவில்லை. மாட்டை நிறுத்தி ஊசி போடுகிற இரும்புச் சட்டம் மதிலை ஒட்டி இருக்கும். கிடுகிடுவென்று அதன்மேல் ஏறினார். மதிலுக்கு மேலே தலையை நீட்டி, “சார்! சார்! கொஞ்சம் இங்கிட்டு வாங்க!” என்று கூப்பிட்டார். அந்தப் பக்கம் ஏதோ பெஞ்சு இழுக்கிற சத்தம். மதிலுக்கு மேல் சின்ன டாக்டரின் தலை முளைத்தது.

“என்ன மேடம்?”

“இந்த ஐயா கைய நேத்துப் பாத்தீங்களா?”

“பாத்தேன். பூச்சிக்கடி.”

“இவரு ஆடு வளக்குறாருன்னு தெரியுமா?”

“அவரு சொல்லலயே.”

“நீங்க கேக்கலயே சார்” என்றேன் நான்.

“அடைப்பானா இருக்கும்னு நெனைக்கிறேன்” என்றார் டாக்டரம்மா. அடைப்பான் எனக்குத் தெரியும். என் அப்பா காலத்தில் ஒரே வாரத்தில் பட்டி காலியானது. ஆனால் அது ஆட்டைவிட்டு ஆளுக்கும் வரும் என்று அன்றைக்குத்தான் கேட்டேன்.

சின்ன டாக்டர் ஓடிச் சுற்றிக்கொண்டு வந்தார், பேப்பரும் பேனாவுமாக. “யாரெல்லாம் கறி வாங்குனா? எல்லாரையும் இன்னைக்கே பாக்கணும்.”

எனக்கு எழுதத் தெரியாது. ஆனால் கண்ணை மூடினால் தார்ப்பாய் அப்படியே விரியும். முதல் கூறு தொடை எலும்போடு டீக்கடைக்காரர் வீட்டுக்கு. இரண்டாவது கழுத்துக்கறி, மில்லுக்குப் போகிறவர் வீட்டுக்கு. மூன்றாவதில் நெஞ்செலும்பு, பக்கத்து வீட்டுக்கு, அதில் பாதி அந்தப் பெண்ணின் அக்கா வீட்டுக்குப் போனது. தலை யாருக்கு, குடல் யாருக்கு, கழுவிக் கொடுத்தது யார், ஒன்று விடாமல் சொன்னேன். பத்துக் கூறையும் எழுதிவிட்டு டாக்டர் பேனாவை மூடினார்.

டாக்டரம்மா மூடவிடவில்லை. “ஒரு ஆட்ட முழுசாச் சொல்லிட்டாரு சார். ஈரலச் சொல்லல.”

“பித்தப்பை ஒடைஞ்சுபோச்சும்மா. தூக்கிப் போட்டுட்டேன்.”

“எங்க போட்டீங்க? எடத்தக் காட்டுங்க, சுண்ணாம்பு போட்டு மூடணும்.”

எந்த இடத்தைக் காட்டுவது? என் மனசில் வேறு ஒரு திட்டம் ஓடிக்கொண்டிருந்தது. இவர்கள் விட்டதும் பஸ் ஏறிப் போய், காதும் காதும் வைத்தாற்போல மகளைக் கூட்டிக்கொண்டு புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரிக்குப் போய்விடலாம். சாகக் கிடந்த ஆட்டின் ஈரலை மாசமான பிள்ளைக்குக் கொண்டுவந்தான் அப்பன் என்று அந்த வீட்டில் தெரிந்தால், ஆயுசுக்கும் என் மகள் அந்தப் பேச்சைக் கேட்க வேண்டும்.

சின்ன டாக்டர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். “ஐயா, கையில வந்தா மருந்து கேக்கும். வயித்துக்குள்ள போனா அது காத்திருக்காது. நாள் தள்ளத் தள்ள ஆபத்து.”

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எண்ணினேன். ஐந்து நாள் ஆகியிருந்தது.

“எம் மக தின்னுருக்கா. மணமேல்குடியில. ஏழு மாசம்.”

அப்புறம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் போனை எடுத்தார்கள். அவர் அந்த ஊர் மனுச டாக்டருக்கு, இந்த அம்மா அந்த ஊர் மாட்டு டாக்டருக்கு. ஒருத்தர் சொல்லுவதை இன்னொருத்தர் கேட்டுச் சேர்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். என்னை வண்டியில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பப் பார்த்தார்கள். மகள் சேதி வராமல் நகரமாட்டேன் என்றேன். அந்த இரும்புச் சட்டத்தில் சாய்ந்து உட்கார்ந்தபடியே சின்ன டாக்டரிடம் ஊசி போட்டுக்கொண்டேன். ஒரு பசு என்னையே பார்த்துக்கொண்டு அசைபோட்டது. அந்த ஊர் நர்சு மகள் வீட்டுக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. வேப்பமர நிழல் மதிலைவிட்டு இறங்கி என் கால்வரைக்கும் வந்துவிட்டது.

டாக்டரின் போன் அடித்தது. எல்லாரும் கேட்கிற மாதிரி வைத்தார். சம்மந்தியம்மாவின் குரல்.

“சம்மந்தி, கோவிச்சுக்காதீக. அந்த ஈரல ஒங்க மகளுக்கு நான் குடுக்கல.”

நான் எழுந்து போன் பக்கத்தில் போனேன்.

“வாளியத் தெறந்தப்பவே தெரிஞ்சுபோச்சு. கன்னங்கரேல்னு, நீரு கோத்துக்கிட்டு. புள்ளத்தாச்சிக்கு எப்புடிப் போடுறது? தென்னங்கன்னுக்கிட்ட பொதைச்சுட்டேன். அம்புட்டுத் தூரம் பஸ்ஸுல சொமந்துக்கிட்டு வந்தீகளே, மனசு நோகுமேன்னுதான் நல்லாருந்துச்சுன்னு சொன்னேன்.”

என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் சின்ன டாக்டர் விடவில்லை.

“அம்மா, ஈரலக் கையால தொட்டீங்களா?”

“தொடாம எப்புடிப் பொதைக்க?”

“கையில புண்ணு ஏதும் இருக்கா?”

“வெரல்ல ஒரு கொப்புளம். மீனு ஆயும்போது முள்ளு குத்துனது.”

“வலிக்குதா?” என்று நான்தான் கேட்டேன்.

“வலிக்கலயே சம்மந்தி.”

டாக்டரம்மா சின்ன டாக்டரைப் பார்த்தார். அவர் அப்போதே அந்த ஊர் நர்சின் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

அன்று சாயங்காலமே என்னை ஒரு வண்டியிலும் சம்மந்தியம்மாவை இன்னொரு வண்டியிலும் ஏற்றினார்கள். மகளுக்கும் கறி போன வீடுகளுக்கெல்லாமும் மாத்திரை கொடுத்தார்கள். டாக்டர்கள் இரண்டு பேரும் ஒரே ஜீப்பில் வீடு வீடாகப் போனதாக அப்புறம் கேள்விப்பட்டேன். என் ஆடுகளுக்கும் ஊசி போட்டார்கள். வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் மட்டும் ரொம்ப நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒருநாள், “நல்லவேள மாமா, எனக்கு ஈரல் குடுக்கல” என்றாள். அது போதும் என்று இருந்தது.

புண் ஆறி வீட்டுக்கு வந்த பிறகு சம்மந்தியம்மா பார்க்க வந்தார். விரலில் பொட்டு மாதிரி தழும்பு. கையில் புதுத் தூக்குவாளி.

“ஒங்க வாளிய நர்சுக எடுத்துக்கிட்டுப் போயிட்டாக. அதான் புதுசு. மீன்கொழம்பு வச்சுக் கொண்டாந்தேன். நல்லா இல்லன்னா நல்லா இல்லன்னே சொல்லுங்க.”

சோற்றில் ஊற்றி ஒரு வாய் தின்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உப்புக் கூடிப்போச்சு, சம்மந்தி” என்றேன்.