திருச்சிக்கு வராத படம்

படம் திருச்சிக்கு வந்தது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, வரவே இல்லை என்று என் மனைவியிடம் பொய் சொன்னேன்.

ஒரு சினிமாவுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று சிரிக்கிறீர்களா? முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்...

வைதேகி பௌதிகம் படித்தவள். நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு குமாஸ்தா ஆனவன். கல்யாணத்துக்கு முன் அவள், ஓர் ஆங்கில விண்வெளிப் படத்தின் பாகங்களைத் தன் அப்பாவோடு ஒன்றுவிடாமல் பார்த்திருந்தாள். கடைசிக்கு முந்தைய பாகத்தில் கதாநாயகன் ஏதோ ஒரு கிரகத்தில் தனியாக விடப்படுகிறான். பூமிக்குத் திரும்புவானா? அது தெரியுமுன் அப்பா போய்விட்டார். ஸ்ரீரங்கத்தில் என் வீட்டுக்கு வந்தபின் அவள் கேட்டது இது ஒன்றுதான்.

"கடைசிப் பாகம் வந்தா மறக்காம சொல்லுங்கோன்னா. ஒரு தரம் அழைச்சுண்டு போங்கோ, போறும்."

வந்தது, வைகுண்ட ஏகாதசி சமயத்தில்! வீடு கொள்ளாத உறவினர்கள். அவளுக்குத் தலைவாரிக்கொள்ளவும் நேரமில்லை. துவாதசிக்கு அகத்திக்கீரை வாங்கக் காந்தி மார்க்கெட்டுக்குப் புறப்பட்டவன், பையும் கையுமாக மேட்னி ஷோவில் போய் உட்கார்ந்தேன்.

அன்று அவளால் வரமுடியாது, சரி. உறவினர்கள் போனபின்னும் படம் ஓடியதே! ஏன் சொல்லவில்லை?

பொறாமை. வேறென்ன! முந்தைய கதைகளை அவள் எனக்கு விளக்குவாள். ஒளியின் வேகம், காலம் என்று ஏதேதோ சொல்வாள். நான் புரிந்தவன்போலத் தலையாட்டுவேன். அவளுக்குத் தெரியாத ஒன்றாவது எனக்குத் தெரிந்திருக்கட்டும் என்று ஓர் அற்ப வெறி... ஏகாதசியன்று இடைவேளையில் போண்டா தின்றதைப் பெருமாள் மன்னித்திருக்கலாம். மற்றதைப் பற்றி அவரிடம் பேசவே எனக்கு வாயில்லை.

"படப் பெட்டி இங்கே வராம நேரா மதுரைக்குப் போயிடுத்தாம்" என்றேன். நம்பினாள்.

பிறகு குழந்தைகளுக்குச் சாதம் ஊட்டும்போது முடிவை அவளே இட்டுக்கட்டிச் சொல்வாள். ஒருநாள் அவன் திரும்பி வருவான், ஒருநாள் வரமாட்டான். நான் பேப்பரில் முகத்தைப் புதைத்துக்கொள்வேன். அப்போதாவது சொன்னேனா? இல்லையே!

பல வருஷம் கழித்து எதிர்வீட்டு மாமி, வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து அதே படத்தைப் போட்டாள். எங்களையும் கூப்பிட்டாள். வைதேகி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள்! நடுவில் கதாநாயகனின் விண்கலம் தீப்பற்றியது. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எனக்கு மனசு தாங்கவில்லை.

"அழாதே... அவன் சாகலை. வந்துடுவான்."

மெல்லத் திரும்பிப் பார்த்தாள்.

"எப்போ பாத்தேள்?"

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாலுக்கு உறை ஊற்ற வேண்டும் என்று மாமியிடம் சொல்லிவிட்டு எழுந்து போனாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? எழுந்தால் மாமி ஏதாவது கேட்பாளே என்று, கடைசிவரை உட்கார்ந்து இரண்டாம் முறையும் பார்த்தேன்!

மறுநாள் வாசலில் மாமி அவளை விசாரித்தாள். "பாதியிலேயே போயிட்டேளே! கேசட் இன்னும் ஆத்துலதான் இருக்கு. முடிவைப் போட்டுக் காட்டட்டுமா?"

"வேண்டாம் மாமி. எங்காத்துல ஒருத்தருக்குத் தெரிஞ்சிருக்கே, அது போறாதா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அதன்பின் அந்தப் படத்தைப் பற்றி அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒருநாள் நானாகவே முடிவைச் சொல்ல வாயெடுத்தேன்... கையை உயர்த்தித் தடுத்துவிட்டாள்.