பீரோ மறைத்த முகம்

அம்மாவின் தங்கை எங்கள் செகந்திராபாத் ஹப்சிகுடா வீட்டுக்கு வந்தபோது எனக்கு மூன்றாம் வகுப்பு முடிந்து கோடை விடுமுறை. கல்யாணமாகிச் சென்னைக்குப் போனவள் ஏன் ஒரே ஒரு பையோடு தனியாக வந்திருக்கிறாள் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. விளையாட ஆள் கிடைத்தது, அவ்வளவுதான். கல்யாணத்துக்கு முன் சித்தி பாளையங்கோட்டையில் ஓவிய டீச்சராக இருந்தவள். அவள் நெல்லைத் தமிழில் கேட்பாள், நான் தெலுங்கும் இந்தியும் கலந்து பதில் சொல்வேன்.

அப்பா மாதாப்பூர் ஆபீசுக்குக் கிளம்பியதும் எங்கள் கும்மாளம் தொடங்கும். சில மதியங்களில் மட்டும் சித்தி பால்கனிக் கதவருகே உட்கார்ந்து, கூப்பிட்டாலும் திரும்பாமல் இருப்பாள். அவளுக்குக் காது மந்தம் என்று நானாகவே முடிவுசெய்து, இன்னும் உரக்கக் கத்துவேன்.

ஒருநாள் கண்ணாடியைப் பார்த்துத் தன் முகத்தை இரண்டு தாள்களில் வரைந்தாள். ஒன்றில் பல் தெரியச் சிரித்தாள். இன்னொன்றில் கண்கள் திறந்திருந்தன, எதையும் பார்க்கவில்லை. இரண்டையும் நீளத் துண்டுகளாக வெட்டி, விசிறிபோல் மடித்த அட்டையில், மடிப்புகளின் ஒரு பக்கம் சிரித்த முகத்தையும் மறுபக்கம் மற்ற முகத்தையும் ஒட்டினோம். ஹாலில் மாட்டியதும் இடப்பக்கம் நின்றால் சித்தி சிரித்தாள். வலப்பக்கம் போனால் சிரிப்பு காணாமல் போனது. நான் இங்குமங்கும் ஓடி ஓடிப் பார்த்தேன்.

இதில் எது நீ என்று கேட்டேன்.

"நீ எங்க நிக்கேங்கதப் பொறுத்ததுட்டி" என்றாள்.

வலப்பக்கம் நின்று அந்தப் படத்தைப் பார்த்த அன்று அம்மா இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை. அதன்பின் சென்னைக்கு அடிக்கடி போன் பேசினாள். கடைசியில் சித்தப்பா தன் அக்காவோடு வந்து சித்தியை அழைத்துப்போவதாக ஏற்பாடு.

அவர்கள் வருவதாக இருந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து திரும்பியதும் அம்மா படத்தைக் கழற்றி, பீரோவை ஒட்டி மாட்டினாள். வலப்பக்கத்தை பீரோ மறைத்துக்கொண்டது. சோபாவில் உட்காருகிறவர்களுக்குச் சிரிப்பு மட்டும்தான் தெரியும். நான் "நக்கோம்மா, அங்க வேணாம்" என்று அழுதேன்.

"வாறவங்க சிரிச்ச மொகத்தப் பாத்தாப் போதும்" என்றாள் அம்மா. சித்தி ஆணி அடிக்கும் சத்தத்தைக் கேட்டபடி தலைவாரிக்கொண்டிருந்தாள்.

சித்தப்பா நல்லவராகத்தான் தெரிந்தார். எனக்குப் பெரிய சாக்லேட் வாங்கி வந்திருந்தார். படத்தைப் பார்த்து, நன்றாகத் தேறிவிட்டாளே என்று மகிழ்ந்தார். அதில் இன்னொரு முகமும் இருக்கிறது என்று நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். எழுந்து வந்தார். பீரோ இடித்தது. அப்புறம் பார்க்கலாம் என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

உள்ளே அம்மா சித்தியின் சேலைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"பள்ளிக்கூடம் தொறக்கது வரைக்கும் இருந்துட்டுப் போறேங்க்கா" என்றாள் சித்தி, மெதுவாக.

அம்மாவின் கை ஒரு கணம் நின்றது. "மாப்பிள நேர்லயே வந்திருக்காவல்லா" என்று சொல்லிவிட்டு அடுத்த சேலையை எடுத்தாள். சித்தி முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து எல்லோரிடமும் சிரித்துப் பேசினாள். செகந்திராபாத் ஸ்டேஷனில் ரயில் நகரும் வரை ஜன்னல் வழியாக என் விரல்களைப் பிடித்திருந்தாள். வலித்தது. கையை உருவிக்கொண்டேன்.

மழை தொடங்கிய பிறகு ஒரு காலை, அம்மாவும் அப்பாவும் என்னைப் பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் விட்டுவிட்டு அவசரமாகச் சென்னைக்குப் போனார்கள். திரும்பி வந்தபோது அம்மாவின் முகம் வீங்கியிருந்தது. ஜலதோஷம் என்றார் அப்பா. சித்தி இனி இல்லை என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அம்மாவின் பையில் சித்தியின் பிரஷ்களும் வண்ணங்களும் இருந்தன. எல்லாம் உனக்குத்தான் என்று என் மடியில் வைத்தாள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆன்ட்டி வீட்டுக்கு ஓடிப்போய்க் காட்டிவிட்டு வந்து, சித்திக்கு தேங்க்ஸ் சொல்ல வேண்டும், போன் போட்டுக் கொடு என்று அம்மாவை நச்சரித்தேன்.

அம்மா போனைக் கையில் எடுத்தாள். வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நம்பர் மறந்துவிட்டது என்று நினைத்து, நான் ஒவ்வொரு எண்ணாகச் சொல்ல ஆரம்பித்தேன்.