ஜமாலின் கியர் சைக்கிள்

இரண்டு வருடமாகத் தேடி, திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பழைய சாமான் கடையில் அந்த கியர் சைக்கிளைப் பிடித்தேன். சிவப்பு நிறம், தடித்த டயர். சிதம்பரத்து வீட்டு வாசலில் நிறுத்திப் பின்சக்கரத்தைச் சுழற்றினேன். கிர்ரென்று அந்தச் சத்தம் வந்ததும் பத்து வயதில், பரங்கிப்பேட்டையில் போய் நின்றேன்.

துபாயிலிருந்து வந்த மாமா, மகன் ஜமாலுக்கு அப்படியொன்று கொண்டுவந்தார். வெளிநாட்டுச் சாமான் என்றால் எங்கள் ஊரில் உறையைப் பிரிக்க மாட்டார்கள். சீட்டின் பாலிதீனைக் கிழிக்க மாமி விடவில்லை. வெயிலில் அது அவன் தொடையில் ஒட்டிக்கொள்ளும். எனக்கு அதன்மேலும் பொறாமை.

எங்கள் ஊரில் மலை ஏது? வெள்ளாற்றுப் பாலத்தின் ஏற்றம்தான் மலை. நான் வாடகை சைக்கிளில் எழுந்து நின்று, மூச்சிரைக்க மிதிப்பேன். அவன் விரலால் கியரைத் தட்டிவிட்டு, உட்கார்ந்தபடியே என்னைக் கடந்துபோவான். ஒரு ரவுண்டு கொடு என்று நான் கேட்டதே இல்லை. கேட்டால் தோற்றதாகிவிடும் என்று இருந்தேன்.

சைக்கிள் வாங்கிய அன்று சாயங்காலமே, சவூதியிலிருந்து லீவில் வந்திருந்த ஜமால் என்னைப் பார்க்க வந்தான். வாசலில் சைக்கிளைக் கண்டதும் நின்றுவிட்டான்.

"மச்சான், ஒரு ரவுண்டு போய்ட்டு வரட்டா?"

எவ்வளவு சுலபமாகக் கேட்டுவிட்டான்.

"எடுத்துக்க மச்சான், இதுக்கெல்லாம் கேக்கணுமா" என்றேன்.

தலை நரைத்த பிறகும் கியரைக் குனிந்து பார்க்காமலே மாற்றினான். உட்கார்ந்தபடியே தெருமுனையில் திரும்பினான். சைக்கிள் என்னுடையது. ஆனால், வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது இப்போதும் நான்தான்.