அத்தை விடாத காது

எங்கள் பள்ளிக்கூடத்தில் காது என்பது முறுக்குவதற்கென்றே படைக்கப்பட்ட உறுப்பு. கணக்குத் தப்பினால் இடது காது, பொய் சொன்னால் இரண்டும். ஆகவே அத்தை என் அம்மாவின் காதைப் பிடித்து நெரித்ததைப் பார்த்தபோது எனக்கு வேறு எந்த எண்ணமும் வரவில்லை.

எங்கள் ஊரெல்லாம் சென்னை ராஜ்யத்தோடு சேர்வதற்கு முந்தைய வருஷம் அது. மிஷன் ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தது. மயக்கம் தெளிந்ததிலிருந்து ஓயாத ஓக்காளம். "இப்பிடிக் குமட்டிச்சுன்னா தையல் விட்டுப் போவும்" என்று நர்ஸம்மா சொன்னதும் அப்பா வராந்தாவில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எனக்கு எட்டு வயது. எனக்குத் தெரிந்த தையல் பாவாடைத் தையல்தான். அது விட்டுப் போனால் என்ன ஆகும் என்பது நன்றாகவே தெரியும். பயத்தில் அம்மாவின் கட்டிலை விட்டு நான் நகரவில்லை.

அப்போதுதான் குழித்துறையிலிருந்து அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா. அவள் புருஷன் பேர்போன வர்ம ஆசான். பெண்களுக்கு அவர் வித்தை சொல்லிக் கொடுப்பதில்லை. அத்தை எண்ணெய்க் கிண்ணத்தோடு பக்கத்தில் நின்று நின்றே பாதியைப் படித்துக்கொண்டவள்.

அவளுக்கும் அம்மாவுக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சு கிடையாது. சித்தப்பா கல்யாணத்தில், மாப்பிள்ளையின் மூத்த அக்காவான அவளுக்கு அம்மா இரண்டாம் பந்தியில் இலை போட்டுவிட்டாள். பால்பாயசம் தீர்ந்துபோன பந்தி. அத்தை பாதிச் சோற்றில் எழுந்து போனவள், பிறகு எங்கள் வாசலை மிதிக்கவில்லை.

வந்தவள் நேரே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அம்மாவின் காதுக்குழியில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். அம்மா முகம் சுளித்தாள். பாயசத்துக்குப் பழிவாங்க நல்ல நேரம் பார்த்து வந்திருக்கிறாள் என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. பாய்ந்து அவள் மணிக்கட்டைக் கடித்தேன். பல் பதிந்தது. கை அசையவில்லை.

"கடிச்சுக்கோ மக்கா. இத விட்டேன்னா உனக்க அம்மைக்குப் பின்னயும் வரும்" என்றாள்.

வெட்கத்தோடு வாயை எடுத்தேன். சற்று நேரத்தில் ஓக்காளம் அடங்கியது. அத்தை மட்டும் விடவில்லை. கை மாற்றி மாற்றிப் பிடித்தாள். மத்தியானக் கஞ்சி வந்து ஆறிப் போயிற்று. பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று அப்பா இரண்டு தடவை வந்து சொன்னார். அம்மா கண்ணை மூடியிருந்தாள். கண்ணோரத்தில் வழிந்த நீர் அத்தையின் விரல்வரை போயிற்று.

"இப்பமும் குமட்டுதாட்டி?" என்று அத்தை கேட்டாள்.

"கொஞ்சம் உண்டு, மைனி."

அம்மா சொன்னது சுத்தப் பொய். காலையிலிருந்து கூடவே கிடந்த எனக்குத் தெரியாதா? எதற்காகப் பொய் என்பதுதான் தெரியவில்லை. பொய் சொன்னவள் காதை இழுத்துக்கொள்ள வேண்டாமா? அம்மா இன்னும் கொஞ்சம் தலையைச் சாய்த்து, அத்தைக்கு வாகாகக் காதைக் கொடுத்தாள்.